அத்தியாயம் 4: சப்பாத்தியை நிறுத்தும் முன்
சீலியாக் நோயையும் அதன் தோல் அரிப்பையும் உறுதிசெய்யும் வழி

முழங்கையிலும் முழங்காலிலும் வருடக்கணக்கில் அரிப்பு. கூடவே, இரும்புச்சத்து மாத்திரை எத்தனை சாப்பிட்டாலும் ஏறாத ஹீமோகுளோபின். இவை இரண்டும் ஒரே ஆளுக்கு இருந்தாலும், அரிப்புக்குத் தோல் டாக்டரும் ரத்தசோகைக்குக் குடும்ப டாக்டரும் தனித்தனியாக மருந்து எழுதிக்கொண்டிருப்பார்கள். இரண்டுக்கும் வேர் சிறுகுடலில் இருக்கலாம் என்று யாருக்காவது ஒரு நாள் தோன்றும். அன்றிலிருந்து என்ன செய்ய வேண்டும் என்பதுதான் இந்த அத்தியாயம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு விதி: பரிசோதனைகள் முடியும்வரை கோதுமையை நிறுத்தாதீர்கள். சீலியாக் நோயைக் காட்டிக்கொடுக்கும் தடயங்கள் அத்தனையும் கோதுமை சாப்பிடுவதால் உண்டாகின்றன. நிறுத்திய சில மாதங்களில் ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள் குறையும், குடல் ஆறத் தொடங்கும். உடம்புக்கு அது நல்லதுதான். ஆனால் அதன் பிறகு பரிசோதித்தால் 'நோய் இல்லை' என்றே அறிக்கை வரக்கூடும். நோய் இருக்கிறதா என்று தெரியாமலேயே வாழ்நாள் முழுக்கப் பத்தியம் இருக்க நேரும்.

உடலுக்குள் நடப்பது

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதத்துக்குக் குளூட்டன் என்று பெயர். மரபணு வகையில் வாய்ப்புள்ள சிலருக்கு, குளூட்டன் குடலுக்குள் போனதும் உடலின் காப்புப் படை தன் சொந்தக் குடலையே தாக்கத் தொடங்குகிறது. சிறுகுடலின் உட்சுவர் டர்க்கி டவல் போலச் சின்னச் சின்ன இழைகள் நிமிர்ந்து நிற்கும் பரப்பு. சத்தை உறிஞ்சுவது அந்த இழைகள்தான். தாக்குதல் தொடரத் தொடர அவை தேய்ந்து மழுங்குகின்றன. இரும்பு, ஃபோலிக் அமிலம், கால்சியம், வைட்டமின் டி எல்லாம் சாப்பாட்டில் இருந்தும் உடம்பில் சேராது. இதுதான் சீலியாக் நோய்.

கோதுமைக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவியவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லம் டிக்கே. அவரது ஆய்வேடு 1950ல் வெளிவந்தது. தோல் பக்கக் கதை அதற்கும் பழையது. கொத்துக் கொத்தாகக் கொப்புளம் வந்து கடுமையாக அரிக்கும் ஒரு தோல் நோயை அமெரிக்கத் தோல் மருத்துவர் லூயி டூரிங் 1884லேயே விவரித்து, டெர்மடைட்டிஸ் ஹெர்பெட்டிஃபார்மிஸ் என்று பெயரிட்டார். அந்த நோயாளிகளின் குடலும் பழுதாகியிருப்பதை 1966ல்தான் இங்கிலாந்து மருத்துவர்கள் கண்டார்கள். இன்று இதைச் சீலியாக் நோயின் தோல் வடிவம் என்றே மருத்துவம் கொள்கிறது. இனி இதைச் சுருக்கமாக டி.எச். என்று குறிப்பிடுவோம்.

அரிசி ஊரில் ஏன் தப்பிப்போகிறது

வேலூர் உட்பட இந்தியாவின் மூன்று பகுதிகளில் 23,331 பேரிடம் நடத்திய ஆய்வு 2016ல் வெளிவந்தது. சீலியாக் எதிர்ப்பொருள் வட இந்தியாவில் 1.23 சதவீதம் பேருக்கும் தென்னிந்தியாவில் 0.10 சதவீதம் பேருக்கும் இருந்தது. நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணு வகையோ வடக்கே 38.1 சதவீதம், தெற்கே 36.4 சதவீதம்: ஏறக்குறைய சமம். பெரிய வித்தியாசம் தட்டில் இருந்தது. வடக்கே ஒருவர் நாளுக்கு 455 கிராம் கோதுமை சாப்பிட்டார், தெற்கே வெறும் 25 கிராம்.

இதிலிருந்து இரண்டு பாடம். தமிழ்நாட்டில் இந்த நோய் அரிது. எனவே அரிப்பு என்றதும் முதலில் இதை நினைத்துக் கலங்க வேண்டாம். அதே சமயம், அரிது என்பதாலேயே டாக்டரின் நினைவுக்கு இது வராமல் போகலாம். சர்க்கரைக்காக ராத்திரிச் சாப்பாட்டைச் சப்பாத்திக்கு மாற்றியவர்கள், வேலைக்காக டெல்லிப் பக்கம் குடியேறியவர்கள், பிரெட்டும் பாஸ்தாவும் அன்றாடமாகிவிட்ட வெளிநாட்டுத் தமிழர்கள் ஆகியோரின் தட்டில் கோதுமை கூடியிருக்கிறது. உங்கள் சாப்பாடு எப்போது மாறியது, தொல்லை எப்போது தொடங்கியது என்று இரண்டு தேதிகளையும் குறித்துக்கொண்டு போய் டாக்டரிடம் சொல்லுங்கள்.

தோல் காட்டும் அடையாளங்கள்

டி.எச். அரிப்புக்குச் சில தனிக் குணங்கள் உண்டு.

- உடலின் இரு பக்கமும் ஒரே இடத்தில் வரும்: இரண்டு முழங்கை, இரண்டு முழங்கால், இரண்டு பிட்டம். தலை, பிடரி, மேல் முதுகு ஆகியவற்றிலும் வரலாம்.
- புள்ளி தெரிவதற்கு முன்பே அந்த இடம் எரியும் அல்லது சுருக்கென்று குத்தும்.
- கொப்புளம் மிகச் சிறியது. டாக்டரிடம் போவதற்குள் சொறிந்து உடைந்துவிடும். பெரும்பாலும் அவர் பார்ப்பது நகக் கீறலும் பொருக்கும் கறுத்த வடுவும்தான். எனவே புதுக் கொப்புளம் தெரிந்த உடனே நல்ல வெளிச்சத்தில் செல்போனில் படம் எடுத்து வையுங்கள்.
- ஸ்டீராய்டு களிம்புக்குக் கொஞ்சம் அடங்கும், மீண்டும் வரும்.

டி.எச். உள்ள பலருக்கு வயிற்றுத் தொல்லை எதுவும் தெரியாது. 'எனக்கு ஜீரணம் நன்றாகத்தானே இருக்கிறது' என்பதால் இந்தச் சந்தேகத்தைத் தள்ளிவிட முடியாது. மறுபக்கம், அடிக்கடி வரும் வாய்ப்புண், ஆறாத ரத்தசோகை, நாட்பட்ட பேதி, வயிறு உப்புசம், காரணமில்லாத எடைக் குறைவு, வயதுக்கு மீறிய எலும்புத் தேய்மானம், குழந்தை வளராமல் நிற்பது போன்றவை கூடவே இருந்தால் சந்தேகம் வலுக்கும். முதல் வகைச் சர்க்கரை நோய், தைராய்டைத் தாக்கும் தன்னெதிர்ப்பு நோய், டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களுக்கும் சீலியாக் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

இதோடு குழம்புபவை

*சொறி சிரங்கு:* ராத்திரியில் கூடும் அரிப்பு, விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி. வீட்டில் இன்னொருவருக்கும் அரித்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

*அக்கி:* கொத்துக் கொப்புளம் என்பதால் டி.எச்.சைப் பார்த்து 'அக்கி' என்று சொல்லி, காவியால் அக்கி எழுதிவிடுவதும் நடக்கும். அக்கி ஒரு வைரஸ் நோய். உடலின் ஒரே பக்கத்தில் பட்டையாக வரும், சில வாரத்தில் போய்விடும். இரு பக்கமும் வந்து, மாதக்கணக்கில் போகாமல் இருந்தால் அது அக்கி இல்லை. ஹெர்பெட்டிஃபார்மிஸ் என்ற பெயரைப் பார்த்து ஹெர்பிஸ் என்று பயப்படவும் வேண்டாம். டி.எச். தொற்றாது.

*காணாக்கடி:* தடிப்பு தடிப்பாக எழும், ஒவ்வொரு தடிப்பும் ஒரு நாளுக்குள் அமுங்கிவிடும். கொப்புளமோ பொருக்கோ இருக்காது.

*எக்ஸிமா:* பெரும்பாலும் முழங்கை, முழங்கால் மடிப்பின் உள்பக்கத்தில் வரும். டி.எச். பிடிப்பது வெளிப்பக்கத்தை.

*கோதுமை அலர்ஜி:* இது வேறு நோய். சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் தடிப்பு, வீக்கம், மூச்சுத் திணறல் என்று வெளிப்படும். இதற்கான பரிசோதனையும் வேறு.

முதல் படி: ரத்தப் பரிசோதனை

கேட்க வேண்டியவை இரண்டு: டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ. எதிர்ப்பொருள், மொத்த ஐ.ஜி.ஏ. அளவு. வெறும் வயிறு தேவையில்லை.

இரண்டாவது எதற்கு? சீலியாக் உள்ளவர்களில் நூற்றுக்கு 2, 3 பேருக்கு ஐ.ஜி.ஏ. வகை எதிர்ப்பொருளே உடலில் சுரக்காது. அவர்களுக்கு முதல் பரிசோதனை எப்போதும் 'நெகட்டிவ்' என்றே வரும். மொத்த ஐ.ஜி.ஏ. மிகக் குறைவு என்று தெரிந்தால், ஐ.ஜி.ஜி. வகைப் பரிசோதனைக்கு மாற வேண்டும். சில லேப் பட்டியல்களில் முதலாவது மட்டும் இருக்கும். சீட்டில் இரண்டும் எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மரபணுப் பரிசோதனையை (எச்.எல்.ஏ. டி.க்யூ.2, டி.க்யூ.8) எல்லாருக்கும் எடுக்க வேண்டியதில்லை. அந்த வகை இல்லை என்று வந்தால் சீலியாக் இல்லை என்று அநேகமாக உறுதியாகச் சொல்லலாம். இருக்கிறது என்று வந்தால் எதுவும் உறுதியாகாது, ஏனென்றால் நம்மில் மூன்றில் ஒருவருக்கு மேல் அது இருக்கிறது. விளம்பரங்களில் வரும் 'உணவு ஒவ்வாமைப் பேனல்' ஐ.ஜி.ஜி. பரிசோதனைகளால் சீலியாக்கைக் கண்டறிய முடியாது. அதற்குச் செலவழிக்க வேண்டாம்.

ஏற்கெனவே கோதுமையை நிறுத்தியிருந்தால்

சில நாள்தான் ஆகிறது என்றால் மீண்டும் சாப்பிடத் தொடங்கிவிட்டு, பரிசோதனையைச் சீக்கிரம் முடித்துவிடுங்கள். மாதக்கணக்கில் ஆகியிருந்தால் டாக்டரின் மேற்பார்வையில் 'குளூட்டன் சேலஞ்ச்' தேவைப்படும். நாளுக்கு 3 முதல் 10 கிராம் குளூட்டன் உடம்பில் சேரும்படி குறைந்தது இரண்டு வாரம், தாங்க முடிந்தால் ஆறு முதல் எட்டு வாரம் கோதுமை சாப்பிடும் முறை இது. 30 கிராம் மாவில் சுட்ட ஒரு சப்பாத்தியில் சுமார் 2 முதல் 3 கிராம் குளூட்டன் இருக்கும். எனவே தினமும் இரண்டு சப்பாத்தி போதும். பரோட்டா, ரவை உப்புமா, சேமியா, பிரெட் எல்லாமே கணக்கில் சேரும்.

இன்னொரு வகையினரும் கவனிக்க வேண்டும். கோதுமையை நிறுத்தவில்லை, ஆனால் எப்போதாவதுதான் சாப்பிடுவார்கள். நம் வீடுகளில் இது சகஜம். இட்லி, தோசை, சோறு என்று ஓடும் வாழ்க்கையில் வாரம் ஒரு முறை வரும் பூரியை நம்பிப் பரிசோதனைக்குப் போனால் முடிவு தெளிவாக வராமல் போகலாம். 'எவ்வளவு நாள், எவ்வளவு கோதுமை சாப்பிட்டுவிட்டு வரட்டும்?' என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள். சிறு குழந்தைகளுக்கும், கோதுமை பட்டாலே மிகவும் நலிந்துபோகிறவர்களுக்கும் இந்தச் சேலஞ்சை வீட்டில் தானாகத் தொடங்கக் கூடாது.

இரண்டாம் படி: தோல் பயாப்ஸி

டி.எச்.சை உறுதிசெய்யும் திறவுகோல் இதுதான். தோலின் மேலடுக்குக்கு அடியில் ஐ.ஜி.ஏ. துகள் துகளாகப் படிந்திருப்பதை நெதர்லாந்து மருத்துவர் வான் டெர் மீர் 1969ல் காட்டினார். 'டைரக்ட் இம்யூனோஃப்ளோரசன்ஸ்' என்ற ஒளிர்சாயப் பரிசோதனையில் இந்தப் படிவு தெரியும். லேப் வழக்கில் இது டி.ஐ.எஃப்.

சிறு வேலைதான். மரத்துப்போக ஊசி போட்டு, சில மில்லிமீட்டர் அகலத் தோலை எடுத்து, ஓரிரு தையல் போடுவார்கள். தவறு நேர்வது இரண்டு இடங்களில்.

முதலாவது, எடுக்கும் இடம். டி.ஐ.எஃப். மாதிரியைக் கொப்புளத்தை ஒட்டிய, பார்வைக்கு நன்றாக இருக்கும் தோலிலிருந்து எடுக்க வேண்டும். கொப்புளத்தின் மேலேயே எடுத்தால், அழற்சியில் அந்த ஐ.ஜி.ஏ. சிதைந்துபோய் 'நெகட்டிவ்' என்று வரலாம். சாதாரண நுண்ணோக்கிப் பரிசோதனைக்கு மட்டுமே புதுக் கொப்புளத்திலிருந்து இன்னொரு துண்டு எடுப்பார்கள்.

இரண்டாவது, போட்டு அனுப்பும் திரவம். பயாப்ஸி என்றால் வழக்கமாக ஃபார்மலினில் போடுவார்கள். டி.ஐ.எஃப். மாதிரியை ஃபார்மலினில் போட்டால் அது வீண். அதற்கென்று உள்ள மிஷெல் திரவத்திலோ, லேப் பக்கத்திலேயே இருந்தால் சலைனிலோ அனுப்ப வேண்டும். இந்த வசதி எல்லா ஊரிலும் கிடையாது. பெரிய மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவில் விசாரிப்பது நல்ல தொடக்கம்.

பயாப்ஸி நாளுக்கு முன் கேட்க வேண்டியவை:

1. டி.ஐ.எஃப்.புக்குத் தனி மாதிரி எடுக்கிறீர்களா?
2. கொப்புளத்துக்குப் பக்கத்துத் தோலிலிருந்துதானே?
3. மாதிரி எந்த லேபுக்கு, எந்தத் திரவத்தில் போகிறது?
4. நான் பூசும் களிம்பு, சாப்பிடும் ஸ்டீராய்டு மாத்திரை எதையாவது நிறுத்த வேண்டுமா?

இப்படிக் கேட்டால் டாக்டர் தப்பாக எடுத்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். 'எனக்கு இந்த நோய் இருக்குமோ என்று படித்தேன், அதனால் கேட்கிறேன் டாக்டர்' என்று மரியாதையாகச் சொன்னால் போதும்.

மூன்றாம் படி: எண்டோஸ்கோப்பி, எல்லாருக்கும் அல்ல

தோலில் டி.ஐ.எஃப். தெளிவாக 'பாசிட்டிவ்' என்று வந்துவிட்டால், டி.எச். உறுதி. அதனாலேயே சீலியாக்கும் உறுதி. குடல் பயாப்ஸி பல சமயம் தேவைப்படாது. குடல் மருத்துவர் வேறு காரணத்துக்காக விரும்பினால் செய்யலாம்.

தோல் நோய் இல்லாமல் ரத்தத்தில் மட்டும் எதிர்ப்பொருள் கூடியிருக்கும் பெரியவர்களுக்குப் பொதுவாக எண்டோஸ்கோப்பி செய்வார்கள். முன்சிறுகுடலின் கீழ்ப்பகுதியிலிருந்து குறைந்தது நான்கு துண்டும் தொடக்கப் பகுதியிலிருந்து ஒன்றிரண்டும் எடுப்பது முறை. பழுது திட்டுத் திட்டாக இருக்கும் என்பதால் ஒரே துண்டை நம்ப முடியாது. அறிக்கையில் 'மார்ஷ் 3' என்றிருந்தால் இழைகள் தேய்ந்திருக்கின்றன என்று பொருள். குழந்தைகளுக்கு, டி.டி.ஜி. அளவு உச்ச வரம்பைப்போல் பத்து மடங்குக்கு மேல் இருந்து, இன்னொரு நாள் எடுத்த ரத்தத்தில் ஈ.எம்.ஏ. என்ற வேறொரு எதிர்ப்பொருளும் இருந்தால், பயாப்ஸி இல்லாமலே முடிவு சொல்லலாம் என்று ஐரோப்பியக் குழந்தைக் குடல் மருத்துவச் சங்கத்தின் 2020 வழிகாட்டுதல் கூறுகிறது.

இழை தேய்வு சீலியாக்கால் மட்டும் வருவதில்லை. ஜியார்டியா கிருமி, வெப்பமண்டலக் குடல் நோயான ட்ராபிக்கல் ஸ்ப்ரூ, ரத்த அழுத்த மாத்திரையான ஓல்மிசார்ட்டான் ஆகியவையும் இதே தோற்றத்தைத் தரலாம். சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பட்டியலையும் குடல் மருத்துவரிடம் கொடுங்கள்.

முடிவுகளைச் சேர்த்துப் படிப்பது

- *தோல் பாசிட்டிவ், ரத்தம் பாசிட்டிவ்:* சந்தேகமில்லை. பத்தியம் தொடங்கலாம்.
- *தோல் பாசிட்டிவ், ரத்தம் நெகட்டிவ்:* இதுவும் டி.எச்.தான். இந்த நோயாளிகளில் சிலருக்கு ரத்தத்தில் எதிர்ப்பொருள் தெரியாது. தோலின் சாட்சியே பெரிது.
- *தோல் நெகட்டிவ், ரத்தம் பாசிட்டிவ்:* குடல் பயாப்ஸி செய்யுங்கள். அடையாளங்கள் டி.எச். போலவே இருந்தால் தோல் மாதிரியைச் சரியான இடத்திலிருந்து மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.
- *இரண்டும் நெகட்டிவ்:* போதிய கோதுமை சாப்பிட்டிருந்தீர்களா என்று முதலில் பாருங்கள். சாப்பிட்டிருந்தால், அரிப்புக்கு வேறு காரணத்தைத் தேடும் நேரம் இது.

டாப்சோன் மாத்திரை பற்றி

டி.எச். அரிப்பை ஓரிரு நாளில் அடக்கும் மாத்திரை டாப்சோன். தொழுநோய்க்கும் இதே மாத்திரைதான். மருந்துக் கடையில் யாராவது அதைச் சொல்லக் கேட்டு மிரள வேண்டாம். உங்களுக்கு எழுதப்படுவது அரிப்புக்காக.

தொடங்கும் முன் ஜி6பி.டி. என்ற நொதியின் அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை கட்டாயம். அந்த நொதி குறைவாக உள்ளவர்களுக்கு டாப்சோன் ரத்தச் சிவப்பணுக்களை வேகமாக உடைக்கும். தொடங்கிய பின் முதல் சில வாரம் ரத்த எண்ணிக்கையை அடிக்கடி பார்ப்பார்கள். உதடு நீலம் பாய்வது, மூச்சு வாங்குவது, சிறுநீர் கறுப்பது, காய்ச்சலுடன் தொண்டை வலி அல்லது உடம்பெங்கும் தடிப்பு வருவது ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே டாக்டரைப் பாருங்கள்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டாப்சோன் சாப்பிடும்போது 'மூன்று மாத சர்க்கரை' எனப்படும் எச்.பி.ஏ.1சி. அளவு உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். அதை நம்பி இன்சுலினையோ மாத்திரையையோ குறைத்துவிடாதீர்கள். விரல்நுனியில் பார்க்கும் சர்க்கரையையும் சேர்த்துப் பாருங்கள்.

டாப்சோன் குடலை ஆற்றாது. அரிப்பு நின்றதால் நோய் தீர்ந்தது என்று கருதிப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது பெரிய நஷ்டம். அது மட்டுமில்லை, மாத்திரையில் கொப்புளம் அடங்கிவிட்டால் எந்த இடத்தை ஒட்டி மாதிரி எடுப்பது என்றும் தெரியாது. முதலில் ரத்தமும் தோல் மாதிரியும், பிறகு மாத்திரை.

உறுதியான பிறகு

குளூட்டன் இல்லாத சாப்பாடு வாழ்நாள் மருந்து. முழுப் பத்தியமும் அடுத்த அத்தியாயத்தில். இப்போதைக்குச் சமையலறையில் மூன்று பொருட்களைப் பாருங்கள். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், தினம் சாம்பாரிலும் ரசத்திலும் அதுதான் விழுகிறது. மால்ட் சேர்ந்த சத்துப் பானங்களில் பார்லி இருக்கும். ரவா தோசை மட்டுமின்றி, ஓட்டலில் சாதாரண தோசை மாவிலும் ரவையோ மைதாவோ சேர்க்கிறார்களா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். லேபிளில் 'குளூட்டன் ஃப்ரீ' என்று எழுத, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பு.

தோல் மெதுவாகத்தான் தேறும். பத்தியம் மட்டும் பிடித்து அரிப்பு முழுக்க அடங்கப் பல மாதம் ஆகும், சிலருக்கு இரண்டு வருடம்கூட ஆகலாம். அதுவரை மாத்திரையைப் படிப்படியாகக் குறைப்பது டாக்டரின் வேலை. ஓரிரு மாதத்தில் அரிப்பு போகவில்லை என்று பத்தியத்தை விட்டுவிடுபவர்களே அதிகம் அவதிப்படுகிறார்கள்.

பெற்றோர், உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் ஆகியோருக்கும் ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்லுங்கள். அவர்களில் பத்தில் ஒருவருக்கு வரை இந்த நோய் இருக்கலாம், தொல்லை எதுவும் தெரியாமலே. வீடு முழுக்க ஒரே சமையலுக்கு மாறுவதற்கு முன்பே அந்தப் பரிசோதனை நடக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர்களும் தெரியாமலே கோதுமையை விட்டவர்கள் ஆகிவிடுவார்கள்.

கடைசியாக, ஒரு ஃபைல். டி.டி.ஜி. அறிக்கை, டி.ஐ.எஃப். அறிக்கை, எண்டோஸ்கோப்பி செய்திருந்தால் அதன் அறிக்கை, பயாப்ஸி மாதிரிக்கு லேப் கொடுத்த எண், தோலின் படங்கள் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து, செல்போனிலும் ஒரு பிரதி சேமியுங்கள். பத்தியம் நன்றாகப் பிடித்தால் சில வருடங்களில் உங்கள் ரத்தத்திலோ தோலிலோ இந்த நோயின் சுவடு தெரியாமல் போகலாம். அப்போது புதிதாகப் பார்க்கும் டாக்டர், 'உங்களுக்குச் சீலியாக் என்று யார் சொன்னது?' என்று கேட்பார். பதில் அந்த ஃபைலில் இருக்க வேண்டும்.